சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்று, பறக்கும் வழி வேறு

கேள்வி: என் மகள் நியூயார்க்கில் படிக்கிறாள். சாங்கி விமான நிலையத்திலிருந்து அந்நகருக்கு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் என்று ஓரிடத்திலும், 16,700 கிலோமீட்டர் என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி? மேலும், நண்பகலில் புறப்பட்டால் அன்று மாலையே சென்றுசேர்வதாகவும், திரும்பும்போது இரண்டு தேதிகள் கடந்துவிடுவதாகவும் பயணச்சீட்டில் இருக்கிறதே, ஏன்?
– வாசகி ஒருவர், சிங்கப்பூர்

பதில்: இரண்டுமே சரியான எண்கள்தாம். முதலாவது, பூமிப் பரப்பின் மீதான மிகக் குறுகிய தூரம். இரண்டாவது, 2018-இல் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்திற்கு இடைநில்லாச் சேவை மீண்டும் தொடங்கியபோது, விமானம் பறக்கும் தூரமாக அறிவிக்கப்பட்டது.

குறுகிய தூரத்தை நீங்களே கணக்கிடலாம். சாங்கி ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் 74 பாகை மேற்கிலும் உள்ளன. கூட்டினால் 178 பாகை. அதாவது இரண்டும் பூமியின் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஆகவே மிகக் குறுகிய வழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. சீனா, சைபீரியா வழியாக வட துருவத்தை ஒட்டிச் சென்று, கனடாவின் மேலாக இறங்குகிறது. சாங்கியிலிருந்து துருவம்வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்வரை 49.4 பாகை, ஆக 138 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினால் 15,300-ஐச் சற்றே தாண்டும். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடம் இந்த வழியைக் காட்டவே காட்டாது.

ஆனால் விமானி தேடுவது குறைந்த தூரத்தை அன்று. குறைந்த நேரத்தையும் குறைந்த எரிபொருளையுமே. விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, சில வேளைகளில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் விஞ்சும் வேகத்தில் காற்றோட்டங்கள் வீசுகின்றன. அவற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிச் செல்வது, எதிர்க்காற்றில் நேராகச் செல்வதைவிட விரைவாக முடிவதுண்டு. திரும்பும்போதும் சில நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறார்கள்; அவ்வாறாயின் உங்கள் மகள் ஒரே பயணத்தில் உலகையே சுற்றி வந்திருப்பார்!

எப்படிப் போனாலும் பயணம் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம் நீளும். கோடையில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நண்பகல் 12 மணிக்குப் புறப்படுபவர் அங்கே அதே நாள் மாலை 6.30-க்கு இறங்குவார். அங்கிருந்து திங்கள் இரவு 10.30-க்குக் கிளம்பினாலோ, இழந்த 12 மணி நேரமும் சேர்ந்துகொள்ள, சிங்கப்பூரில் புதன் அதிகாலை 5 மணியாகிவிடும். நவம்பரில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால் வேறுபாடு 13 ஆகிறது. அப்போது நண்பகல் விமானம் அங்கே மாலை 5.30-க்குப் போய்ச் சேரும்.