பேஸ்மென்ட்டில் மீன் தொட்டி வைக்கப்போகும் தம்பிக்கு

தம்பி, கொளத்தூர் வீட்டு மாடியில் கப்பியும் ஏஞ்சலும் வளர்த்ததாகவும், இப்போது கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் எடுத்துக் குடிவந்திருப்பதாகவும், அதில் ஒரு சின்ன அறையில் பன்னிரண்டு தொட்டி வைக்க ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெக்கையும் ஈரமும் சேராமலிருக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா, தொட்டி எங்கே மலிவு, எந்தக் கடை மீன் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். கடைகளை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீடு மாறுகிறவர்களிடம் பழைய தொட்டி சல்லிசாகவே கிடைக்கும். ஜன்னல் விஷயத்தைத்தான் இங்கே யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை, அதனால் அதைச் சொல்கிறேன்.

ஊர்ப் பழக்கம் ஜூலையில் ஜன்னலைத் திறக்கச் சொல்லும், ஜனவரியில் இறுக மூடச் சொல்லும். பேஸ்மென்ட்டில் மீன் வளர்க்கிறவர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். வெளியே மைனஸ் 10 டிகிரி என்று வையுங்கள். அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 2 கிராம் நீராவிதான் நிற்கும். அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால் 19 கிராம் வரை தாங்கும். வெளியிலிருந்து வருவது அவ்வளவு காய்ந்த காற்று, தொட்டி ஈரத்தை உறிஞ்சிவிடும். காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடினாலே அறை மாறிவிடும். நாள் முழுக்க ஒரு விரல் இடைவெளி விட்டு வைக்காதீர்கள். ஜன்னலை ஒட்டிய சுவர் சில்லிட்டுப்போய் அங்கேயே நீர் கோக்கும்.

ஜூலையில் ஒன்டாரியோ ஏரிக்கரை புழுங்கும். பேஸ்மென்ட் சுவரும் தரையும் மண்ணுக்குள் இருப்பதால் அப்போதும் குளிர்ந்தே கிடக்கும். ஜன்னலைத் திறந்து அந்தப் புழுக்கத்தை உள்ளே விட்டால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வியர்ப்பது போலச் சுவர் வியர்க்கும். அந்த மாதங்களில் மூடி வையுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் வந்திறங்கி முதலில் குடியிருந்ததும் பேஸ்மென்ட்தான். அப்போது மீன் ஏதும் இல்லை, மூன்று பேரும் ஒரு அடுப்பும்தான். வீட்டுக்காரர் நம்மூர்க்காரர். ஹீட்டிங் செலவு கூடுகிறது என்று இருந்த ஒரே ஜன்னலைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்தார். குளியலறை விசிறியின் வயரையும் கழற்றிவிட்டார். பொங்கலுக்குள் மெத்தைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. கூட இருந்த பையனுக்கு இருமல் நிற்கவே இல்லை. கேட்டதற்கு, "நீங்கள் தினம் சோறு வடிக்கிறீர்கள், அதனால்தான்" என்றார். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க வாடகைக்காரரின் உடம்பைக் கெடுக்கிறவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. நம்மவர் செய்யும்போது கூடுதலாக வலிக்கிறது. ஆகவே தொட்டி இறக்கும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சுவர்களைப் படம் எடுத்து அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். ஒன்டாரியோ சட்டப்படி வீட்டைப் பராமரிப்பது அவர் பொறுப்பு, உங்கள் கவனக்குறைவால் வரும் சேதம் உங்கள் பொறுப்பு. தகராறு வந்தால் அந்தப் படங்கள்தான் உதவும்.

சரி, மீன் அறை. முதல் வேலை மூடி. சென்னையில் மே மாதம் தொட்டி மேல் ஃபேன் காற்று படவிட்டுத் தண்ணீரை இரண்டு மூன்று டிகிரி குளிர வைப்போம் இல்லையா, அந்தக் குளிர்ச்சி நீர் ஆவியாவதால் வருவது. மாடியில் அந்த ஆவி காற்றோடு போய்விடும், இங்கே டிரைவால் எனும் ஜிப்சம் பலகைச் சுவருக்குள் போகும். கண்ணாடி வெட்டி வாங்கி, தீனி போட ஒரு மூலை மட்டும் விட்டு மூடுங்கள். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 1.8 லிட்டர் அறைக்குள் போயிருக்கிறது. பன்னிரண்டு தொட்டிக்குக் கணக்குப் போட்டால் 21 லிட்டரைத் தாண்டும்.

கோடைக்கு டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கிப் பிடிக்கும் மெஷின், இல்லாமல் முடியாது. ஆனால் அது ஏசி போலக் குளிர்விக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும்போது முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பம் அறையில் வெளிப்படும். மெஷின் இழுக்கும் கரண்டும் வெப்பமாகத்தான் முடியும். எனவே அது ஓடும்போது அறைக் கதவைத் திறந்து வையுங்கள். கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா வீட்டுக்குச் சொல்லும் ஈரப்பதம் கோடையில் 50 சதவீதம், குளிரில் 30. மீன் அறையில் 30 வராது. 50-க்குக் கீழே நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்தால் இன்னும் இறக்குங்கள். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரைத் தொட்டிக்கு மேல் வைக்காமல், வெளிச்சுவரின் அடியில், குளிர்ந்த மூலையில் வையுங்கள். பூஞ்சை அங்கேதான் தொடங்கும். என் மீன் அறையில் பிப்ரவரியிலும் ஜன்னல் கண்ணாடி வறண்டிருக்கும், பார்க்க வருகிறவர்களுக்கு அதை நான் விரும்பியே காட்டுவேன்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள் என்றும் யாராவது சொல்வார்கள். நல்லதுதான், குழாய் வீட்டுக்கு வெளியே முடிந்தால். கூரை இடுக்கில் முடித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறவர்களை நம்பாதீர்கள். குளிர்ந்த இடம் வழியாகப் போகும் அந்தக் குழாய்க்கு வெப்பம் காக்கும் மேலுறை வேண்டும், இல்லையென்றால் ஈரம் உள்ளேயே குளிர்ந்து திரும்பச் சொட்டும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. பழைய வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் பேஸ்மென்ட்டிலேயே நிற்கும். அதன் புகை, விசிறி எதன் உதவியும் இல்லாமல், தானாக எழும்பிப் புகைபோக்கியில் போகும். பலமான ஃபேன் காற்றை வெளியே இழுக்க, ஈடு செய்யும் காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால், அந்தப் புகை வீட்டுக்குள் திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஃபேனைத் தொடாதீர்கள். கேஸ் வேலை தெரிந்த, லைசென்ஸ் உள்ள ஆளை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள்.

2013 டிசம்பரில் இங்கே பனிமழை பெய்து மரங்கள் முறிந்து, கிறிஸ்துமஸ் நேரத்தில் லட்சக்கணக்கானவர்களுக்குக் கரண்ட் போனது. வீட்டுக்குள் கரி மூட்டாதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது, அப்படியும் மூட்டியவர்கள் உண்டு. நாங்கள் தொட்டிகளைப் போர்வையால் சுற்றி, மூடிக்கு மேல் துண்டுகளை விரித்தோம். தண்ணீர் நிறைந்த சின்ன அறை மெதுவாகத்தான் ஆறும். மாடி அறைகள் சில்லிட்ட பிறகும் அங்கே கொஞ்சம் கதகதப்பு மிஞ்சியிருந்ததால் பிள்ளைகளை அங்கேயே படுக்க வைத்தோம். மேல்வீட்டு ஈழத்துக் குடும்பம் ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தது, இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். ஏஞ்சல் ஜோடி பிழைத்தது, நியான் மீன்கள் சில செத்துப்போயின. தொட்டி வாங்கும் அன்றே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள்.