ஒரே நாள்தான் என்றால் கெர்ரி வேண்டாம், விக்லோ போங்கள்

கேள்வி: அக்டோபர் மூன்றாவது வாரம் நானும் மனைவியும் அயர்லாந்தின் டப்ளினில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அவனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்றைக்கே ‘ரிங் ஆஃப் கெர்ரி’ வளையச் சாலையைச் சுற்றிவிட்டு, இலையுதிர்கால நிறங்களையும் பார்த்துத் திரும்ப முடியுமா? மகன் களைத்தால் அவன் காரை நான் ஓட்டலாமா? சென்னையில் 30 வருஷமாக ஓட்டுகிறேன். – ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: முடியாது. டப்ளினிலிருந்து அந்த வளையம் தொடங்கும் கில்லார்னி ஊருக்குப் போகவே நாலு மணி நேரம் ஆகும். அங்கிருந்து வளையம் 179 கி.மீ. அந்த வாரம் மாலை ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். போகவர எட்டு மணி நேரம் நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பீர்கள். அதற்குப் பதில் டப்ளினுக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கும் விக்லோ மலைக்குப் போங்கள்.

காரை நீங்கள் தொடுவதற்கு முன் மகனின் பாலிசியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பொதுவாக, பாலிசியில் பெயர் உள்ளவர் ஓட்டினால்தான் காப்பீடு செல்லும். சில நாட்களுக்கு மட்டும் உங்கள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று அவர் முன்கூட்டியே கேட்கட்டும். நம் லைசென்ஸ் காலாவதியாகாமல் இருந்தால் சுற்றுலா வந்தவர் ஓட்டத் தடையில்லை. இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் கை பழகிவிடும். ஹாரனை மட்டும் மறந்துவிடுங்கள்.

விக்லோ மலைச் சுற்று சுமார் 100 கி.மீ. பலரும் டப்ளினிலிருந்து நேரே ஆர் 115 சாலையில் ஏறித் தெற்கே போவார்கள். நீங்கள் தலைகீழாகச் சுற்றுங்கள். அந்த வாரம் அங்கே நடுப்பகலில்கூட சூரியன் 30 டிகிரிக்கு மேல் ஏறாது. தெற்கே ஓட்டினால் ஈரத் தார்ச்சாலையின் பளபளப்பு முழுக்கக் கண்ணில் அடிக்கும். பிற்பகலில் வடக்கே வந்தால் வெயில் முதுகில் விழும், எதிரே மலை முழுக்க ஒளியில் இருக்கும்.

காலை எட்டரைக்குக் கிளம்பி ‘என் 11’ நெடுஞ்சாலை வழியே கில்மகானக், அங்கிருந்து ஆர் 755 சாலையில் லாரா கிராமம், அடுத்து ஏரிகள் உள்ள கிளெண்டலாக் பள்ளத்தாக்கு. ஞாயிறன்று மேல் ஏரி கார் பார்க்கிங் சீக்கிரமே நிரம்பிவிடும். பத்து மணிக்குள் போய்விடுங்கள். நிறம் மாறும் ஓக் மரங்கள் அங்கேதான். அது மான்கள் இணைசேரும் பருவம். பள்ளத்தாக்கில் கலைமான் அடித்தொண்டையில் கத்துவது கேட்கும். காரில் பாஸ்போர்ட், பை எதையும் விட்டுப் போகாதீர்கள், கண்ணாடியை உடைக்கும் திருட்டு உண்டு.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் லாராவிலிருந்து ஆர் 115. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சிக்குப் பிறகு, மலையில் பதுங்கியவர்களைப் பிடிக்க ஆங்கிலேயர் 1800-இல் தொடங்கி 1809-இல் முடித்த ராணுவச் சாலை இது. கிளென்மக்னாஸ் அருவியை ஒட்டி ஏறும்போது இரண்டாவது கியர் போதும். சிவந்த மரக்காடு எதிர்பார்க்காதீர்கள். மேலே நிறமெல்லாம் தரையில்தான். பெரணி துருப்பிடித்த இரும்பு மாதிரி இருக்கும், சதுப்புப் புல் வெளிறிய ஆரஞ்சு, பூ உதிர்ந்த ஹெதர் செடி காப்பிக்கொட்டை நிறம். சாலி கேப் நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்பி சில கிலோமீட்டர் போனால், கீழே கருநீர் ஏரி, ஒரு முனையில் வெள்ளை மணல்: லாக் டே.

இந்தச் சாலையில் வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஓரத்தில்தான். எதிரே வண்டி வந்தால் பயந்து புல்லில் இறக்காதீர்கள். மேலே பச்சையாகத் தெரிந்தாலும் அடியில் ஊறிய சதுப்பு மண், இடப்பக்கச் சக்கரம் இறங்கினால் மீட்பு வண்டிதான் இழுக்க வேண்டும். அகலமான இடம் பார்த்து நின்றுவிடுங்கள். எதிரே வருபவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அது நன்றி, நீங்களும் தூக்குங்கள். ஓர் ஆடு சாலையைக் கடந்தால் அடுத்ததும் வரும் என்று வையுங்கள். மேகம் இறங்கினால் ஹை பீம் போடாதீர்கள், ஒளி திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீமும் பின்பக்கப் பனிமூட்ட விளக்கும் போதும்.

மலையில் பெட்ரோல் பங்க் கிடையாது, டப்ளினிலேயே நிரப்புங்கள். பெட்ரோலுக்குப் பச்சைக் கைப்பிடி, டீசலுக்குக் கறுப்பு.

பயணத்தை மாதத்தின் கடைசி ஞாயிறுக்குத் தள்ளினால், அன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். மாலை ஐந்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். சாலி கேப்பை மூன்றரைக்குள் தாண்டிவிடுங்கள்.