ராணுவத்தில் இருந்த அப்பா வீட்டிலும் கண்டிப்பானவரா?

பட்டாளத்துக்காரர்கள் வீட்டில் சிடுமூஞ்சியாகத்தான் இருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற வீடுகளைப் பற்றித் தெரியாது. எங்கள் அப்பா நேர் எதிர்.

மலேசிய ராணுவத்தின் ரெஞ்சர் படைப்பிரிவில் 1969-ல் சேர்ந்து, சார்ஜனாக 1990-ல் ஓய்வு பெற்றார். பிறகு பினாங்கில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் குடியேறினோம். ஒரு காலத்தில் துப்பாக்கி சுடப் பழகிய திடல் அது. "பென்ஷன் வாங்கியும் என்னை ரைபிள் ரேஞ்சை விட்டு வெளியே விட மாட்டேங்கிறானுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரே ஆளிடம் பலமுறை சொல்வார்.

பள்ளிக்கூட நாளில் காலையில் "செடியா!" என்று ஒரு குரல். மலாயில் 'விறைப்பாக நில்' என்ற பட்டாளக் கட்டளை. நானும் தம்பியும் குறுகலான நடையில் விறைப்பாக நிற்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நகம், பல், சட்டைப் பொத்தான் எல்லாம் பார்ப்பார். குறை இருந்தால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தீர்ப்பு: "பசியாறுறதுக்குள்ள அம்மாவை ஒரு தடவை சிரிக்க வைக்கணும்." வேலை அவசரத்தில் இருக்கும் அம்மாவைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? கரண்டியோடு வந்து அவள் அதட்டினால், உடனே சலாம் அடித்து, மேலதிகாரியிடம் சொல்வது போல "பாய்க், துவான்!" (சரி, ஐயா!) என்பார். அதில் சிரித்துவிடுவாள். தண்டனை எங்களுக்கு, பெயர் அவருக்கு.

வட மலேசியாவில் கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-ல்தான் திறக்கப்பட்டது. அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகள் நடமாடிய காடு என்பதால் சாலை போட்டவர்களுக்கு ராணுவம் காவல். அப்பாவும் அங்கே ஜாகா பார்த்தவர். ஆனால் அவர் சொல்லும் கதைகளில் யானைதான் வரும். கூடாரத்துக்குள் தும்பிக்கையை விட்டு ரேஷன் பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு போன யானை. ஒவ்வொரு முறையும் தும்பிக்கை கொஞ்சம் நீளும். கண்ணிவெடி பற்றிக் கேட்டால் "அதுக்கென்ன, வெடிச்சுது" என்று யானைக்கே திரும்பிவிடுவார்.

"பதுங்கிக் கிடக்கிறப்போ சத்தம் போட்டுச் சிரிக்க முடியாதுல்ல, அதையெல்லாம் சேர்த்து வெச்சுத்தான் இப்போ செலவு பண்றேன்" என்பார். எனக்கு இது அழகாகத்தான் இருந்தது. அத்தையிடம் சொன்னேன். "சும்மா அளக்கிறான், சின்னப் பிள்ளையிலேயே அவன் அப்படித்தான்" என்றாள்.

1989 டிசம்பர் 2-ல் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் லீ கார்டன்ஸ் ஓட்டலில்தான் அரசாங்கமும் கம்யூனிஸ்ட் கட்சியும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிறகு ஒருமுறை சாமான் வாங்க ஹாட்யாய் போனபோது, அந்த ஓட்டல் வாசலில் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார். "நல்லா பாத்துக்குங்க. இங்க கையெழுத்துப் போட்டானுங்க, மறுவருஷம் என் வேலை போச்சு." பென்ஷன் வாங்க அவரே மனுப் போட்டவர் என்பது வேறு விஷயம்.

சிரிக்காத நாள் ஒன்று உண்டு. ஜூலை 31, வீரர் தினம். டிவியில் அந்த ஊதுகொம்புச் சத்தம் கேட்டதும், கைலியைச் சரியாகக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். ஒருமுறை தம்பி விளையாட்டாக "செனாங் டிரி!" (இயல்பாக நில்!) என்றான். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் குசினிக்குப் போய் வெகுநேரம் தேத்தண்ணீர் கலக்கினார். யார் யாரை நினைத்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் யானைதான் வந்திருக்கும்.

சர்க்கரை வியாதி வந்த பிறகு லட்டைக் கையில் எடுத்து, சரவாக் கூட்டாளிகளிடம் கற்ற ரெஞ்சர் படை முழக்கத்தைச் சொல்வார்: "அகி இடுப், அகி ஙெலாபான்!" உயிர் உள்ளவரை எதிர்த்து நிற்போம் என்று பொருள். எதிர்த்தது டாக்டரை.

போன வருடம் காலமானார். "என் சாவுக்கு வர்றவனுக்குத் தண்ணிக் காப்பி குடுத்தீங்க, எழுந்து வந்துடுவேன்" என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் தம்பி பாலை அள்ளி ஊற்றிவிட்டான். பெரேத் தொப்பியோடு வந்த பழைய கூட்டாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டு, இது காப்பியா பாயசமா என்று கேட்டார்கள்.