வெற்றுக் குழாயில் ஒரு கோடு

அன்புள்ள ஐயா,

உயிரித்தொழில்நுட்பம் முதுகலை படிக்கிறேன். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர், டிஎன்ஏவைப் படிக்கும் நானோபோர் என்று உலகம் போய்விட்டது, நாங்கள் இன்னும் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரிலேயே நிற்கிறோம். எந்தக் கருவியைக் கற்றால் வேலை கிடைக்கும்? (மாதிரி எதுவும் விடாத என் நெகட்டிவ் கன்ட்ரோல் குழாயிலும் மெல்லிய பேண்ட், அதாவது கோடு, வருகிறது. டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தில் அதை வெட்டிவிடச் சொல்கிறார்கள்.)

ச.

அன்புள்ள ச.,

எந்தக் கருவி கைக்கு எட்டுகிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். கிரிஸ்பர் வெட்டிய இடத்தைச் சரிபார்க்கவும் பெரும்பாலும் பிசிஆரில்தான் தொடங்கவேண்டும். நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கியிருக்கும் விஷயம்தான் என்னை எழுத வைத்தது.

படத்தில் அந்தக் கோட்டை வெட்டாதீர்கள். சொன்னவர் யாராக இருந்தாலும் சரி, அது பொய். அந்தக் கோடு இருக்கும்வரை பக்கத்துக் குழிகளில் தெரியும் பேண்ட் மாதிரியிலிருந்து வந்ததா, துளி விடும் உங்கள் பைப்பெட்டிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது.

1983இல் அமெரிக்க வேதியியலாளர் கேரி முல்லிஸ் பிசிஆர் முறையை யோசித்தார். தொடக்கத்தில் நகலெடுக்கப் பயன்பட்ட ஈ.கோலை பாக்டீரியாவின் நொதி, ஒவ்வொரு சுற்றிலும் குழாயைச் சூடாக்கும் 95 டிகிரியில் செயலிழந்துவிடும். சுற்றுக்குச் சுற்று குழாயைத் திறந்து நொதியைப் புதிதாக விடவேண்டும். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் டாக் நொதி வந்த பிறகு அந்தப் பாடு ஒழிந்தது. ஒழியாதது ஒன்று உண்டு: ஒரே டிஎன்ஏ மூலக்கூறு சுற்றுக்குச் சுற்று இரட்டித்து முப்பது சுற்றில், கணக்குப்படி, நூறு கோடியைத் தாண்டும். ஓடிமுடித்த குழாயைத் திறக்கையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு துளி தெறித்தால் போதும், அடுத்த சோதனை கெட்டது.

முதலில் அளவைப் பாருங்கள். நூறு பேஸ் ஜோடிக்கு (டிஎன்ஏவின் நீள அளவு) கீழே மங்கலாகக் கிடந்தால், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டியதாக இருக்கலாம். உங்கள் பேண்டின் அளவிலேயே இருந்தால் கலப்படம்தான்.

இனி இரண்டு வெற்றுக் குழாய் வையுங்கள். இரண்டிலும் நொதியும் பிரைமரும் கலந்த மாஸ்டர் மிக்ஸும் தண்ணீரும் மட்டும். ஒன்றை, மாதிரிகளைத் தொடும் முன்பே மூடுங்கள். மற்றதை எல்லா மாதிரியும் விட்டு முடியும்வரை திறந்தே வைத்துக் கடைசியில் மூடுங்கள். இரண்டிலும் கோடு வந்தால் குற்றம் தண்ணீரிலோ பிரைமரிலோ நொதியிலோ; மிக்ஸ் கலக்கிய பைப்பெட்டையும் சந்தேகப்படுங்கள். பின்னதில் மட்டும் வந்தால் மாதிரி விடும் கையிலோ காற்றிலோ. இந்த ஒரு குழாய்ச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் மரபணுவைத் தேடுகிறீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை: டாக் நொதியே பெரும்பாலும் ஈ.கோலையில் தயாராவது, ஈ.கோலையின் டிஎன்ஏ நொதியோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடும்.

திறந்த தண்ணீர், பிரைமர் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். ஒவ்வொன்றாகத் துப்பறிய வேண்டாம். மேசையை அன்றன்று கலக்கிய பத்து சத பிளீச்சால் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, தண்ணீரால் துடையுங்கள். ஆல்கஹால் டிஎன்ஏவை அழிக்காது. பைப்பெட் முனையில் மாட்ட, வடிகட்டி உள்ள ஃபில்டர் டிப் வாங்குங்கள். மிக்ஸ் கலக்கும் பைப்பெட் ஜெல் அறைக்குள் போகவே கூடாது.

அதற்கும் அடங்காவிட்டால், பழைய பேண்டின் எல்லைக்கு வெளியே அமரும்படி புதிய பிரைமர் வடிவமையுங்கள். தெறித்துக் கிடக்கும் பழைய துண்டுகளில் அந்த இடம் இருக்காது. பயப்படாமல் செய்யுங்கள். அடுத்த ஜெல்லின் முழுப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.