பேட்டரி மாற்றியபின் கார் ரேடியோவில் ‘சேஃப்’ என்று வருகிறதே, ஏன்?

பழைய ஃபோக்ஸ்வேகன் காரில் பேட்டரி மாற்றியதும் ரேடியோ பாடாமல் ‘சேஃப்’ என்று மட்டும் காட்டுகிறது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்டதும், யாரோ தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. திருடியவனுக்குப் பயன்படக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. சொந்தக்காரரையும் அது நம்புவதில்லை!

திறக்க நான்கு இலக்க எண் வேண்டும். கார் வாங்கும்போது கொடுத்த கையேட்டு உறையில், சிறிய அட்டையிலோ ஒட்டுத்தாளிலோ அது இருக்கும். பல பழைய மாடல்களில் ரேடியோவைப் போட்ட சில நொடிகளில் ‘1000’ என்று தோன்றும். 1 முதல் 4 வரையுள்ள பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஓர் இலக்கத்துக்கு. எண் 0473 என்றால், இரண்டாம் பொத்தானை 4 வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். நான்கும் சரியானதும் நிலையம் தேடும் பொத்தானை இரண்டு நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள்.

குருட்டாம்போக்கில் முயலாதீர்கள். இரண்டு முறை தவறினால் சுமார் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைத்துவைத்துக் காத்திருப்பது வீண்.

அட்டை தொலைந்திருந்தால் ரேடியோவின் வரிசை எண்ணோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் டீலரிடம் போங்கள். வரிசை எண் ரேடியோவின் உடலில் ஒட்டப்பட்டிருக்கும். பார்க்க அதை வெளியே இழுக்க வேண்டும். ஹோண்டாக்காரர்களுக்கு யோகம்: பல மாடல்களில் 1, 6 பொத்தான்களை அழுத்தியபடி ரேடியோவைப் போட்டால் வரிசை எண் திரையிலேயே வந்துவிடும்.