ஆத்சோரை எரித்தது யார்?

கேள்வி: ஆத்சோர் நகரத்தை இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா தீக்கிரையாக்கினார் என்கிறது வேதாகமம். அங்கு நடந்த அகழாய்வு இதை உறுதிப்படுத்துகிறதா?

பதில்: நகரம் எரிந்தது உறுதி, எரித்தவர் யார் என்பதில்தான் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள்.

கலிலேயாக் கடலுக்கு வடக்கே, மேல்நகரும் கீழ்நகருமாக ஏறத்தாழ 200 ஏக்கர் பரந்திருந்த ஆத்சோர், இன்றைய இஸ்ரேலில் அறியப்பட்ட கானானிய (இஸ்ரவேலருக்கு முன் அங்கு வாழ்ந்த மக்களின்) நகரங்களிலேயே மிகப் பெரியது. யூப்ரடீஸ் கரையிலிருந்த மாரி அரசின் களிமண் பலகைகளிலும் எகிப்திய அரசவையின் கடிதத் தொகுப்பான அமர்னாக் கடிதங்களிலும் அதன் பெயர் வருவதால், யோசுவாவின் புத்தகம் அதை அப்பகுதி அரசுகளுக்கெல்லாம் தலைமை நகரம் என்று சொல்வதை வெறும் புகழ்ச்சியாகக் கொள்ள முடியாது.

இகேல் யாதின் 1955இல் தொடங்கிய அகழாய்வும், 1990 முதல் அம்னோன் பென்-டோர் தலைமையில் நடந்த பணிகளும் கி.மு. 13ஆம் நூற்றாண்டின் பேரழிவை வெளிக்கொணர்ந்தன. அரண்மனைச் சுவர்களின் சுடாத மண்கற்கள் உருகும் அளவுக்கு வெப்பம் மூண்டிருக்கிறது. சிலைகள் பலவற்றின் தலைகளும் கைகளும் வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டிருந்தன. எகிப்தியரோ கானானியரோ தங்கள் தெய்வங்களின், அரசர்களின் உருவங்களை இப்படிச் சிதைத்திருக்கமாட்டார்கள், கடல்வழி வந்த மக்களுக்கு ஆத்சோர் வெகுதூரம், எனவே எஞ்சுபவர்கள் இஸ்ரவேலரே என்பது பென்-டோரின் வாதம். தொல்லியலாளர் ஷரோன் சுக்கர்மனோ, தீக்கு முன்பே நகரம் நலிந்துவிட்டதற்கான தடயங்களைக் காட்டி, ஆட்சியாளர்மீது மக்களே கிளர்ந்தெழுந்திருக்கலாம் என்றார்.

சிதைந்த சிலைகள் சினத்தைக் காட்டுகின்றனவே தவிர, சினந்தவரின் பெயரைச் சொல்வதில்லை என்பதே என் கருத்து. வெற்றி கொண்டவரைப் பெயர் சொல்லிக் குறிக்கும் கல்வெட்டு எதுவும் அந்த அழிவடுக்கில் கிடைக்கவில்லை. மேலும், சாம்பலுக்கு மேல் குழிகள் தோண்டி எளிமையாக வாழ்ந்த அடுத்த குடியினரைத் தொடக்ககால இஸ்ரவேலர் என்று பலர் கொண்டாலும், அழிவுக்கும் அக்குடியேற்றத்துக்கும் இடையே நீண்ட காலம் கழிந்திருப்பதால், பின்னர் வந்து குடியேறியவர்களையே முன்பு எரித்தவர்களாகவும் கருதிவிட இயலாது.

கேள்வி: இஸ்ரவேலர் காலத்து எச்சங்கள் அங்கே என்னென்ன?

பதில்: ஆறு அறைகள் கொண்ட நகரவாயில் ஒன்று. இதை அரசன் சாலொமோனின் பணி என்று கி.மு. 10ஆம் நூற்றாண்டில் வைத்தார் யாதின். தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டீன் அடுத்த நூற்றாண்டுக்குத் தள்ளுகிறார். அதைவிட வியப்பூட்டுவது கி.மு. 9ஆம் நூற்றாண்டின் நீர்வழி. வெளியேயுள்ள ஊற்றைத் தேடிப் போகாமல், மதிலுக்குள்ளேயே பாறையைக் குடைந்து, படிக்கட்டும் சரிவான சுரங்கமுமாக ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் நிலத்தடி நீரை எட்டியிருக்கிறார்கள். முற்றுகைக்கு அஞ்சிய நகரத்துக்கு இதைவிடச் சிறந்த காப்பு இல்லை.

ஆனாலும் கி.மு. 732இல் அசீரிய அரசன் திகிலாத்பிலேசரிடம் ஆத்சோர் வீழ்ந்தது. இம்முறை வென்றவர் யார் என்பதில் ஐயமில்லை: இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் ஆத்சோரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, அவ்வரசனின் கல்வெட்டுகள் இஸ்ரவேல்மீதான படையெடுப்பைக் கூறுகின்றன, அகழாய்வில் கண்ட அழிவடுக்கின் காலமும் அவற்றோடு ஒத்துப்போகிறது.