தாங்கிப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும்?

திருகோணமலையில் ‘தாங்கி’ என்றால் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள்தான் முதலில் நினைவுக்கு வரும். போன கிழமை வாசிகசாலையில் நான் பேசியது மற்றத் தாங்கியைப் பற்றி, சங்கிலியில் ஓடுகிற யுத்த தாங்கி. நேரம் போதாமல் போனதால் பலர் துண்டில் கேள்வி எழுதித் தந்தார்கள். நான் பட்டாளத்தில் இருந்தவன் அல்ல, பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அந்த அளவில் பதில்கள்.

சேர், தாங்கியின் சுடுதூரம் சரியாக எத்தனை கிலோமீட்டர்? (உப்புவெளி, ஏ.எல். மாணவர்)

எதைச் சுடுகிறது என்று சேர்த்துக் கேட்க வேணும், தம்பி. இன்னொரு தாங்கியை என்றால் 2 முதல் 4 கிலோமீட்டர். குண்டு அதற்கு மேலும் போகும்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாததை எப்படி நேரே குறிவைப்பது? சோவியத் டி-55 தாங்கியின் உயரம் ஏறக்குறைய 2.4 மீட்டர். அந்த உயரத்தில் இருந்து உங்கள் கடற்கரையில் பார்த்தால் அடிவானமே ஐந்தரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடும். தரையில் பனையும் மதிலும் வேறு மறைக்கும். 1991 வளைகுடாப் போரில் பிரித்தானியச் சேலஞ்சர் ஒன்று 4 கிலோமீட்டருக்கும் அப்பால் நின்ற ஈராக்கியத் தாங்கியை அடித்ததை இன்றும் பெரிதாகச் சொல்வது அதனால்தான்.

குழலை உயர்த்திச் சுட்டால் டி-55 இன் 100 மி.மீ. (குழலின் உள்விட்டம்) பீரங்கி 10 கிலோமீட்டருக்கு மேலும் எறியும். ஆனால் குழல் 18 பாகைக்கு மேல் எழும்பாது. தூரத்துக்கு எறிவது ஆட்லறியின் வேலை.

முந்தி ஷெல் அடிக்கேக்க ‘குத்துற’ சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடுவோம். தாங்கி அடித்தால் அந்த நேரம் கிடையாது என்று அப்பா சொல்லுவார். உண்மையோ? (நிலாவெளி, ஒரு அம்மா)

அப்பா சொன்னது சரி, அம்மா. சத்தம் வினாடிக்கு 340 மீட்டர் அளவில் போகும். மோட்டார் ஷெல் அதைவிட மெதுவாகப் புறப்பட்டு, வானத்தில் ஏறி, வளைந்து விழும். 3 கிலோமீட்டரில் இருந்து அடித்தால் குத்துச் சத்தம் 9 வினாடியில் வந்துவிடும். ஷெல் விழ அதற்குப் பிறகும் சில வினாடிகள் இருக்கும். நீங்கள் ஓடியது அந்த இடைவெளிக்குள்தான்.

டி-55 இன் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில், கிட்டத்தட்டத் தட்டையாக வரும். 2 கிலோமீட்டரைக் கடக்க 3 வினாடி கூட ஆகாது. சுட்ட சத்தம் வர 6 வினாடி வேணும். முதலில் வெடிக்கும், பிறகுதான் பீரங்கி கேட்கும். இதைப் படிப்பிக்கும்போது வகுப்பில் நான் வேறு உதாரணம் சொல்வதுண்டு, மின்னலும் இடியும். உங்கள் உதாரணத்தை எடுக்க மனம் வந்ததில்லை.

சில குழலுக்குள் சுருள் வரி இருக்கிறது, சிலதில் வழுவழுப்பு. ஏன்? (தம்பலகாமம்)

வரி குண்டைச் சுழற்றும், சுழன்றால் நேரே போகும். ஆனால் இன்றைய கவசத்தைத் துளைப்பது வெடிமருந்து இல்லாத ஓர் உலோக அம்பு. டங்ஸ்டன் அல்லது செறிவிறக்கிய யுரேனியத்தில் செய்தது. குழலை நிரப்புகிற ஒரு சட்டையோடு புறப்படும். வெளியே வந்ததும் சட்டை இதழ் இதழாகக் கழன்று விழ, அம்பு மட்டும் வினாடிக்கு 1,600, 1,700 மீட்டர் வேகத்தில் பறக்கும். அவ்வளவு நீள மெல்லிய பொருளைச் சுழற்றி நிலைப்படுத்த முடியாது. வால் சிறகுதான் தாங்கும். அதனால் ஜெர்மனியின் லெப்பர்ட் 2 இன் 120 மி.மீ., சோவியத் டி-72 இன் 125 மி.மீ. இரண்டுமே வழுவழுப்பு.

சென்னையில் செய்கிற அர்ஜுன் தாங்கி?

ஆவடியில். 120 மி.மீ., வரியுள்ள குழல். கவசத்தில் களி மாதிரி அப்பிக்கொண்டு வெடிக்கிற குண்டையும் சுட விரும்பினார்கள். அது சுழன்று போக வேணும்.

டி-72 அடிபட்டால் தலை கழன்று பறப்பதைப் படங்களில் பார்க்கிறோமே? (கிண்ணியா)

குண்டு போட ஆள் இல்லை, இயந்திரம் போடும். அதற்கான 22 குண்டுகள் பீரங்கிக் கோபுரத்தில் இருக்கும் இரண்டு பேரின் காலடியில் வட்டமாக அடுக்கியிருக்கும். அது பற்றினால் கோபுரமே மூடி போலக் கிளம்பும். அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் தாங்கியில் பெரும்பாலான குண்டுகள் கோபுரத்தின் பின்னறையில், இரும்புக் கதவுக்கு அப்பால். வெடித்தால் மேல்தகடு பறந்து, நெருப்பு வெளியே போகும்.

தாத்தா, சீனக்குடாத் தாங்கி யாரைச் சுட்டது? (ஆறாம் வகுப்பு)

அது சுடவில்லை, பிள்ளை. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானம் ஒன்று அதில் மோதி எரிந்தது. அது எண்ணெய்த் தாங்கி.